கத்திரி வெயிலில் கருப்பட்டியோடு ஏற்காடு

கருப்பட்டி எங்கள் வீட்டு நாட்டு நாய். பெண், நான்கு வயது, 18 கிலோ. மூன்று கோடையாக அவளைத் திருச்சியிலிருந்து காரில் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போய், காபித் தோட்டத்தில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கி வருகிறோம். முதல் பயணம் நாறிப்போனது. நிஜமாகவே நாறியது. கிளம்பும்போது பாசத்தில் நான் ஊட்டிய நான்கு இட்லியும் ஏழாவது கொண்டை ஊசி வளைவில் பின் சீட்டுக்கு வந்துவிட்டன. சேலத்திலிருந்து மேலே போக இருபது வளைவுகள். மீதிப் பதிமூன்றையும் கண்ணாடியை இறக்கிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தோம்.

அதனால் முதல் விஷயம் சாப்பாடு. முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்குச் சோறு, அதோடு சரி. காலையில் ஒன்றும் வேண்டாம், வழியில் தண்ணீர் மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மேலே போய் அரை மணி நேரம் ஓய்ந்த பிறகு வழக்கமானதில் பாதி கொடுங்கள். அப்படியும் வாந்தி எடுக்கும் நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்குங்கள். வீட்டில் நாம் போடும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மருத்துவரைப் பார்ப்பதை இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேதி தாண்டவில்லை என்று பார்த்து, அந்த அட்டையைக் காரிலேயே வையுங்கள். உண்ணிக்கு மருந்து போடச் சொல்லுங்கள். காருக்கே பழகாத நாயை எடுத்த எடுப்பில் 170 கிலோமீட்டர் கூட்டிப் போகக் கூடாது. கருப்பட்டியை முதலில் நிற்கும் வண்டியில் உட்காரவைத்தோம், அப்புறம் தெருமுனை வரை, அப்புறம் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை.

பின் சீட்டுக்குப் பழைய பவானி ஜமுக்காளம் போதும். முன் சீட்டின் தலைச்சாய்ப்பிலும் பின் சீட்டின் தலைச்சாய்ப்பிலும் கயிற்றால் கட்டினால் தூளி மாதிரி நிற்கும். பிரேக் போட்டால் நாய் கால் வைக்கும் இடத்தில் விழாது. மார்போடு மாட்டும் வாரில் ஒரு கொக்கி போட்டு சீட் பெல்ட்டோடு இணைத்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் இணைத்தால் பிரேக் பிடிக்கும்போது கழுத்தை இறுக்கிவிடும்.

கத்திரி மே 4 வாக்கில் பிறக்கும். அந்த நாட்களில் திருச்சியில் 40 டிகிரி ஒன்றும் புதிதில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். ஆகவே அதிகாலை நாலரைக்கு வண்டி வாசலை விட்டு நகர்ந்திருக்க வேண்டும். குணசீலம், முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல், அப்புறம் சேலம். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறத் தொடங்கிவிடலாம். பெட்டி கட்டுவதில் வீட்டில் சண்டை வந்து ஏழு மணி ஆகிவிட்டதா, பேசாமல் மறுநாள் கிளம்புங்கள்.

எவர்சில்வர் டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றி முந்தின நாளே பிரீசரில் வைத்துவிடுவேன். வழியில் மூடியைத் திறந்து வைத்தால், உருக உருக நக்கிக்கொண்டே வருவாள். நிறுத்துகிற இடத்தில் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அவள் பாதமும் தாங்காது. டீ குடிக்கிற நேரம்தானே என்று நாயைக் காரில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு பத்து டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நாங்கள் முறை வைத்துக்கொண்டு டீ குடிக்கிறோம்.

மூச்சிரைப்பு நிற்கவே இல்லை, எச்சில் கெட்டியாக வழிகிறது, ஈறு கருஞ்சிவப்பாகிவிட்டது, நடை தள்ளாடுகிறது என்றால் சூடு தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம், முக்கியமாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும், தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டை மேலே போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், துண்டு சூடாகி உள்ளே இருக்கும் சூட்டையும் அடைத்துவிடும். பிறகு நேராக மருத்துவரிடம். இந்த வழியில் நாமக்கல்லில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது எனக்குப் பெரிய தைரியம்.

மலைப் பாதையில் குரங்குகள் இருக்கும், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

தங்கும் இடம்தான் பெரிய தலைவலி. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நாயைக் கூட்டிப் போனால் அதனிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்கும் தொற்றலாம். ஆகவே கூடாரம் போட அனுமதிக்கும் தனியார் தோட்டமாகப் பாருங்கள். "நாய் வரலாமா?" என்று மட்டும் கேட்டால் "தாராளமா வாங்க சார்" என்றுதான் பதில் வரும். ஒரு தடவை அப்படிச் சொன்ன இடத்தில் வாசல் வரை போன பிறகு, "பொமரேனியன்னு நெனச்சோம், இது தெருநாயாச்சே" என்று திருப்பி அனுப்பினார்கள். அதிலிருந்து நான் போட்டோவை முதலிலேயே அனுப்பிவிடுகிறேன். வேலி இருக்கிறதா, தோட்டத்து நாய்கள் அவிழ்ந்து திரியுமா, கூடாரத்துக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தலாமா என்றும் கேட்டுவிடுவேன்.

கார் பக்கத்தில் இருப்பது எவ்வளவு அவசியம் என்று போன வருடம் தெரிந்தது. மே மாதச் சாயங்காலங்களில் ஏற்காட்டில் இடியோடு மழை கொட்டும். முதல் இடிக்கே கருப்பட்டி கூடாரத் துணியைப் பிறாண்டத் தொடங்கினாள். கார்க் கதவைத் திறந்ததும் முன் சீட்டுக்குக் கீழே போய்ச் சுருண்டவள், மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

ராத்திரி நாயை வெளியில் கட்டுகிற எண்ணமே வேண்டாம். முதல் வருடம் நான் சில்வர் ஓக் மரத்தில் கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது தோட்டத்துக் காவலாளி டார்ச்சோடு ஓடி வந்தார். "அவுத்து உள்ள கொண்டுபோங்க தம்பி. சிறுத்தை வந்தா மொதல்ல இதத்தான் தூக்கும்." அன்றிலிருந்து அவளுக்குக் கூடாரத்துக்குள்தான் படுக்கை, என் கால்மாட்டில், ஜிப்பை முழுதாக மூடி. பாதி ராத்திரியில் ஒரு தடவை அவள் எழுந்து உட்கார்ந்தாள். குரைக்கவில்லை. முதுகு மயிர் சிலிர்த்து, தொண்டைக்குள் மட்டும் ஓர் உறுமல். வெளியே கிளை முறிகிற சத்தம், கனமான மூச்சு. காட்டு மாடு. அவள் வாயை லேசாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் இருந்தேன். விடிந்து பார்த்தால் எட்டடி தள்ளிக் குளம்புத் தடம்.

நடந்துவிட்டு வந்ததும் உண்ணி பாருங்கள். காதுமடலின் உள்பக்கம், அக்குள், கால்விரல் இடுக்கு. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியமெல்லாம் வேண்டாம். பிரியாணி எலும்பு, வெங்காயம், திராட்சை, மலையில் விற்கும் சாக்லேட் எதுவும் அதன் வாய்க்குப் போகக் கூடாது. தொட்டியத்தில் வாங்கிய வாழைப்பழம் ஒன்று தரலாம்.

திரும்பும்போது பொழுது விடிந்ததும் இறங்கிவிடுங்கள், இருட்டில் வேண்டாம், ரோட்டில் மாடு நிற்கும். வந்து இரண்டு நாள் தூங்கி வழிந்தால் அது களைப்பு. இரண்டு மூன்று வாரத்துக்குள் சோற்றைத் தொடாமல் காய்ச்சலாகப் படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கருப்பட்டிக்கு இந்த முறை ஒன்றும் வரவில்லை. ஜமுக்காளத்தை மூன்று முறை துவைத்தாயிற்று, அதில்தான் ஈர நாய் வாடை இன்னும் போகவில்லை.