சூரிய வெப்பத்தில் தண்ணீர் வடிக்கும் பெட்டி: மாணவர் குழுவாகச் செய்வது எப்படி?

கல்லூரி இறுதியாண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சூரிய நீர்வடிப்பான் செய்தோம். முதல் நாளே ஒரு லிட்டர் தண்ணீர் வந்துவிட்டது. அந்த லிட்டரில் கால் பங்குக்கு மேல் வடிந்த தண்ணீரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பெட்டி செய்யும் முறை பல இடங்களில் கிடைக்கும். வந்த தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று சோதிக்கும் முறையை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கறுப்புத் தட்டில் ஊற்றிய தண்ணீர் வெயிலில் ஆவியாகும், மேலே சாய்வாக இருக்கும் கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து நீராகும், வழிந்து வாய்க்காலில் இறங்கும், அங்கிருந்து குழாய் வழியாக வெளியே இருக்கும் பாட்டிலுக்கு வரும். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் எல்லாம் தட்டிலேயே தங்கிவிடும். இந்த அறிவியல் உங்களுக்குத் தெரிந்ததுதான், நேராக வேலைக்குப் போகலாம்.

மரத்தை அறுக்கும் முன் ஒரு கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கச் சுமார் 2.5 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 5 கிலோவாட் மணி, அதாவது 18 மெகாஜூல். எங்கள் தட்டு அரை சதுர மீட்டர் என்பதால் 9 மெகாஜூல். ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டால் 3.6 லிட்டர் வரும். ஆனால் இந்த வகை எளிய பெட்டிகள் 30 முதல் 40 சதவீதம் வரைதான் வேலை செய்யும். ஆக, நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது ஒரு லிட்டரைச் சுற்றித்தான். திட்ட அறிக்கையில் 'ஒரு நாளுக்கு ஐந்து லிட்டர்' என்று முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள்.

1872-இல் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், லாஸ் சலினாஸ் என்ற இடத்தில், சுரங்கத்தில் உழைத்த கோவேறு கழுதைகளுக்குக் குடிநீர் தர இதே தத்துவத்தில் ஒரு பெரிய நிலையம் கட்டினார்கள். 4,000 சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடி, நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். அவ்வளவு வறண்ட பாலைவன வெயிலிலேயே சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் அளவுதான். நம் பெட்டியில் சதுர மீட்டருக்கு இரண்டு லிட்டர் வந்தால் அது நல்ல விளைச்சல்.

பெட்டி

12 மி.மீ. ப்ளைவுட்டில் உள் அளவு 100 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலம். தட்டின் அடியிலிருந்து அளந்தால் முன்சுவர் 10 செ.மீ., பின்சுவர் 25 செ.மீ. இப்படிச் செய்தால் கண்ணாடி சுமார் 15 பாகை சாய்வில் உட்காரும். உங்கள் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் அதை நம்பிச் சாய்வை 5 பாகைக்குக் குறைத்தால், துளிகள் வழியாமல் தட்டிலேயே திரும்பச் சொட்டும். 15-க்குக் கீழே போக வேண்டாம்.

உள்பக்கச் சுவர்களில் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டுங்கள். வெறும் மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும், வாடையும் வரும். தட்டுக்கு 100 × 50 செ.மீ. அளவில் துருப்பிடிக்காத எஃகு. தட்டுக்கு அடியில் 5 செ.மீ. தெர்மோகோல், இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய ப்ளைவுட் பலகை. இந்தப் பலகையை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் வற்றிய தட்டு வெயிலில் கடுமையாகச் சூடாகும், தெர்மோகோலோ 80 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும்.

தட்டின் உள்ளே கறுப்பு பெயின்ட் அடிப்பதுதான் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. பெயின்டின் வாடை ஆவியோடு சேர்ந்து கண்ணாடிக்குப் போய், வடிந்த தண்ணீரிலும் வந்துவிடும். நன்றாக அலசிய கறுப்புப் பருத்தித் துணியை விரித்துவிட்டால் போதும். துணி தண்ணீரை மேலே இழுத்துப் பரப்புவதால் ஆவியாவதும் வேகமாகும். ஆனால் இந்தத் துணிதான் எங்களை மாட்டிவிட்டது, அதைக் கீழே சொல்கிறேன்.

கண்ணாடி 4 மி.மீ. சாதாரண ஜன்னல் கண்ணாடி, 103 × 60 செ.மீ. ஓரங்களைத் தேய்த்து மழுக்கித்தான் வாங்க வேண்டும், தூக்கும்போது இரண்டு பேரும் கையுறை போட்டிருக்க வேண்டும். கண்ணாடியைச் சிலிக்கோன் பசையால் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். சுவரின் மேல் விளிம்பில் ரப்பர் பட்டை வைத்து, மேலிருந்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அந்தக் கண்ணாடியை நீங்கள் பத்துத் தடவையாவது திறப்பீர்கள்.

வாய்க்கால்

தண்ணீர் சேகரிக்கும் வாய்க்கால் முன்சுவரின் உள்பக்கத்தில் ஓடும். எஃகிலேயே செய்யுங்கள். வடிந்த தண்ணீரில் கரைந்த பொருள் எதுவும் இல்லாததால் அது தொட்டதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். துத்தநாகம் பூசிய தகடு, பித்தளை இணைப்பு, ஈயம் வைத்த பற்று எதுவும் அதன் பாதையில் இருக்கக் கூடாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 1.5 செ.மீ. இறக்கம் கொடுங்கள். ரசமட்டத்தை மட்டும் நம்பாமல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். வாய்க்காலில் தேங்கி நிற்கும் தண்ணீர் மறுபடி ஆவியாகிவிடும்.

சரி, இப்போது எங்கள் முதல் நாள் கதை. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில், தட்டில் ஊற்றிய தண்ணீர் 1,150 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டியது, வடிந்து வந்த தண்ணீர் 310. நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதே என்று மகிழ்ந்து அதை அறிக்கையிலும் எழுதிவிட்டோம். எங்கள் ஆசிரியர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஆவியில் உப்பு ஏதுப்பா?"

ஆவியில் உப்பு கிடையாது. ஒழுங்காக வடிந்திருந்தால் மீட்டர் 10, 20 என்றுதான் காட்ட வேண்டும். 310 என்றால் தட்டில் இருந்த தண்ணீரே எங்கோ வாய்க்காலுக்குள் புகுந்திருக்கிறது. எவ்வளவு புகுந்தது என்பதையும் கணக்கிடலாம்: 310-லிருந்து 10-ஐக் கழித்து, 1,150-லிருந்து 10-ஐக் கழித்த எண்ணால் வகுத்தால் 0.26. அந்த ஒரு லிட்டரில் 260 மி.லி. தட்டுத் தண்ணீர்.

பெட்டியின் மூலைகளை அடைத்த சிலிக்கோன் பசையில் விரிசல் இருக்கும் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க மூலைகளைச் சுரண்டி மறுபடி பூசினோம். மீட்டர் அசையவில்லை. அப்புறம்தான் குழுவில் ஒருத்தி தட்டுத் தண்ணீரில் சிவப்பு உணவு நிறப்பொடியைக் கரைத்துவிட்டாள். நிறம் ஆவியோடு வராது. வாய்க்காலில் சிவப்பு தெரிந்தால் அது தண்ணீராகவே வந்த வழி.

பதினோரு மணிக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தோம். வாய்க்காலின் இடது மூலையில், பளபளக்கும் எஃகின் மேல், தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. அதைப் பின்தொடர்ந்து விரலை மேலே கொண்டுபோனால் துணியின் ஓரம். துணியை வெட்டும்போது இரண்டு விரல் அளவு கூடுதலாக விட்டிருந்தோம். அந்த ஓரம் தட்டின் விளிம்பைத் தாண்டி வாய்க்காலுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் துணி தண்ணீரை விளிம்புக்கு மேல் ஏற்றி, மறுபக்கம் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வாய்க்காலைத் தட்டின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக வைத்திருந்ததால் இந்த ஓட்டம் நிற்கவே இல்லை.

திருத்தியது இரண்டு. துணியைத் தட்டின் விளிம்புக்கு 3 செ.மீ. உள்ளே நிற்கும்படி வெட்டினோம். வாய்க்காலைத் தட்டின் அடியிலிருந்து 5 செ.மீ.க்கு மேலே உயர்த்தி, முன்சுவரோடு ஒட்டிப் பொருத்தினோம். அடுத்த நாள் மீட்டர் 14 காட்டியது. அளவு 750 மி.லி.தான். லிட்டர் குறைந்துபோனதில் குழுவில் எல்லோருக்கும் வருத்தம். ஆனால் முதல் நாளும் பெட்டி உண்மையில் வடித்தது அவ்வளவுதான்.

நீங்கள் முதல் நாளிலேயே நிறச் சோதனையைச் செய்துவிடுங்கள். அளவு எவ்வளவு என்று பார்ப்பது அதற்குப் பிறகு. சோதனை முடிந்ததும் துணி, தட்டு, வாய்க்கால் மூன்றையும் அலச வேண்டும்.

துளி சரியான இடத்தில் விழ

750-ஐ 1,050 ஆக்கியது இரண்டு சின்ன வேலைகள். இரண்டும் ஒரே மாதிரித் தெளிந்த வெயில் நாட்களில் அளந்தவை.

முதலாவது, கண்ணாடியின் உள்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பின் வழவழப்பு போகும்வரை அலசுவது. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவி வழியும். கைரேகை எண்ணெய் பட்ட இடத்தில் முத்து முத்தாக நின்று, கனம் தாங்காமல் தட்டில் சொட்டும். கழுவிய பின் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், முத்து நின்றால் மறுபடி கழுவ வேண்டும். கண்ணாடிக்குப் பளபளப்பு தரும் ஸ்பிரே வேண்டாம்.

இரண்டாவது, கண்ணாடியின் உள்பக்கத்தில், வாய்க்காலுக்கு நேர் மேலே, நீளவாக்கில் சிலிக்கோன் பசையால் ஒரு மெல்லிய வரப்பு. வழிந்து வரும் நீர்ப்படலம் அந்த வரப்பில் மோதி அங்கேயே சொட்டும். இல்லாவிட்டால் அது ரப்பர் பட்டை வரை போய் வெளியே கசியும்.

ஓட்டமும் பதிவேடும்

கண்ணாடியின் சரிவு வடக்கு அரைக்கோளத்தில் தெற்கே பார்க்க வேண்டும், தெற்கு அரைக்கோளத்தில் வடக்கே. தட்டில் தண்ணீர் 1.5 செ.மீ. ஆழம், அதாவது 7.5 லிட்டர். ஆழம் கூடினால் காலை முழுதும் தண்ணீரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். வெயில் இறங்கிய பிறகும் சேர்த்து வைத்த வெப்பத்தில் வடிதல் தொடரும், அதனால் ஒரு நாள் கணக்கைக் காலையிலிருந்து மறுநாள் காலை வரை எடுங்கள்.

மணிக்கு ஒருமுறை நீரின் வெப்பம், கண்ணாடியின் வெப்பம், வெளிக்காற்றின் வெப்பம், வடிந்த அளவு ஆகிய நான்கையும் ஒரே நோட்டில் ஒருவரே எழுதட்டும். நான்கு பேர் நான்கு கைபேசியில் குறித்து வைத்தால் கடைசியில் சேர்க்க முடியாது. நீரின் வெப்பத்துக்குக் கம்பியோடு வரும் டிஜிட்டல் உணரியை வாங்குங்கள். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி இதற்கு உதவாது, வெளியிலிருந்து காட்டினால் அது கண்ணாடியின் வெப்பத்தைத்தான் சொல்லும்.

குடிக்கும் முன்

டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பை மட்டும் காட்டும், கிருமியைக் காட்டாது. அழுக்கான பாட்டிலிலோ குழாயிலோ வடிந்த தண்ணீர் 14 பி.பி.எம். காட்டிக்கொண்டே கெட்டுப்போயிருக்கலாம். ஆய்வகத்தில் ஈ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) சோதனைக்குக் கொடுங்கள்; 100 மி.லி. தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பெட்ரோல், கரைப்பான், சில பூச்சிமருந்துகள் தண்ணீரோடு சேர்ந்து ஆவியாகும். எண்ணெய் வாடை வரும் தண்ணீரை இந்தப் பெட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

பின்சேர்க்கை 1: பசை பூசி ஒரு நாள் காயவிட்டால் போதும் என்று முதலில் எழுதியிருந்தேன். அப்படிச் செய்த இரண்டு குழுக்கள், தண்ணீரில் வினிகர் வாடை என்று எழுதினார்கள். சில சிலிக்கோன் பசைகள் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அந்த வகையை வாங்காமல் நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். எந்த வகையானாலும் ஒரு வாரம் காலிப் பெட்டியை வெளிக்குழாய் திறந்தபடி வெயிலில் வைத்து, முதல் இரண்டு நாள் வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: மாலையில் பாட்டிலில் இருந்த தண்ணீர் காலையில் குறைந்திருக்கிறது, கசிவும் இல்லை என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். குழாயின் முனை பாட்டிலுக்குள் தண்ணீரில் மூழ்கியிருந்தது. இரவில் பெட்டி குளிர்ந்து உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்போது அது பாட்டில் தண்ணீரை மேலே உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியை நன்றாக அடைத்திருப்பவர்களுக்குத்தான் இது நடக்கும். குழாய் முனையைப் பாட்டிலின் கழுத்திலேயே நிறுத்தி, வாயைச் சுத்தமான துணியால் கட்டிவிடச் சொன்னேன். அந்தத் துணியும் குழாயிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.