பண்ணைப் பூங்காவுக்குச் சிறு குழந்தைகளோடு செல்வது எப்படி: கைகளிலிருந்து தொடங்கும் திட்டம்

ஆடு, குதிரை, முயல் போன்ற விலங்குகளை நெருங்கிப் பார்த்துத் தீவனமும் கொடுக்கக்கூடிய பண்ணைப் பூங்காவுக்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு கிளம்பும்போது, எந்த விலங்கை முதலில் பார்ப்பது என்பதைவிட, எங்கே, எப்போது கை கழுவுவது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நுழைவுச்சீட்டு, மாற்றுத்துணி போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நுழைவாயிலைத் தாண்டிய பின் செய்ய வேண்டியவற்றை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

படி 1: வரிசை

உள்ளே நுழைந்ததும், குழாயும் சோப்பும் இருக்கும் இடங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை களைப்படைவதற்கு முன்பே விலங்குகளைப் பார்த்துவிட்டு, கை கழுவிச் சாப்பிட்டு, அதன் பிறகு விளையாட்டுத் திடலுக்குச் செல்லலாம். விலங்குகள் இருக்கும் பகுதிக்குள் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். பால் புட்டியையும் வாயில் வைக்கும் பொம்மைகளையும் மூடிய பைக்குள் வைத்துவிடுங்கள்.

படி 2: தீவனம் கொடுத்தல்

பூங்காவில் தரும் தீவனத்தை மட்டுமே கொடுங்கள். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. உதட்டாலும் நாக்காலுமே அது தீவனத்தை எடுக்கிறது. ஈர உதடு பட்டவுடன் குழந்தை கூச்சத்தில் விரல்களை மடக்கும்போதுதான் விரல் ஆட்டின் வாய்க்குள் போகிறது. ஆகவே குழந்தையின் கையை உங்கள் உள்ளங்கையில் தாங்கி, விரல்களைச் சேர்த்து, கட்டைவிரலையும் ஒட்டி, தட்டையாக நீட்டச் செய்யுங்கள். குதிரைக்கு மேலும் கீழும் முன்பற்கள் உண்டு; மேலும், மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது என்பதால், தோள் பக்கமாகவே நெருங்க வேண்டும். முயலைச் சிறு குழந்தைகள் தூக்கவே வேண்டாம் என்பேன். பின்னங்கால்களைத் தாங்கிப் பிடிக்காவிட்டால், அது உதைத்துத் திமிறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

படி 3: கை கழுவுதல்

பலரும் சானிடைசரோடு நிறுத்திக்கொள்ளும் இடம் இதுதான். கன்றுகள், ஆட்டுக்குட்டிகள் ஆகியவற்றின் சாணத்தில் இருக்கக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, தடித்த ஓட்டுக்குள் இருப்பதால் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை. அழுக்குப் படிந்த கையில் சானிடைசர் மற்றக் கிருமிகளிடமும் சரியாக வேலை செய்வதில்லை. ஈரத் துடைப்பான்களும் போதாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கிருமிகளைக் கையிலிருந்து அகற்றும்.

கழுவும் வரிசையும் முக்கியம். முதலில் காலணிகளையும் தள்ளுவண்டிச் சக்கரங்களையும் சுத்தம் செய்துவிடுங்கள். கை கழுவிய பிறகு சக்கரத்தைத் தொட்டால் கழுவியது வீணாகும். அடுத்து, ஆடு நக்கிய சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று குறைந்தது 20 விநாடி தேய்த்துக் கழுவி, உலரத் துடைத்துவிடுங்கள். குழந்தை தானே கழுவிக்கொள்ளட்டும் என்று விடாமல், பெரியவர் ஒருவர் உடன் நின்று தேய்த்துவிட வேண்டும்.

பின்சேர்க்கை: தள்ளுவண்டியை விட்டு இறங்காத கைக்குழந்தைக்கும் இது தேவையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கட்டாயம் தேவை, வேலிக் கம்பியைப் பிடித்த உங்கள் கைதான் அதன் கன்னத்தையும் தொடுகிறது. உடன் வரும் கர்ப்பிணிகளைப் பற்றியும் ஒரு கேள்வி வந்தது. ஈனும் நிலையில் உள்ள செம்மறியாடுகள், புதிதாகப் பிறந்த குட்டிகள் ஆகியவற்றை அவர்கள் நெருங்கக் கூடாது. கருவைப் பாதிக்கும் தொற்றுகள் அவற்றிடமிருந்து பரவக்கூடும்.

படி 4: வீடு திரும்பிய பின்

இரண்டு வாரங்களுக்குள் வயிற்றுப்போக்கு வந்தால், பண்ணைக்குச் சென்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தால் உடனே செல்ல வேண்டும், ஈ.கோலை கிருமியின் சில வகைகள் சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. மருத்துவரைக் கேட்காமல், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து எதையும் கொடுக்க வேண்டாம்.