டிஸ்க் விலகியிருக்கிறதா? முதுகை விடுங்கள், காலைக் கவனியுங்கள்

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘எல்4-எல்5 டிஸ்க் ப்ரொலாப்ஸ்’ (இடுப்புப் பகுதியின் 4-வது, 5-வது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது) என்று பார்த்ததும், இனி ஆயுசுக்கும் குனிய முடியாது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வுதான் டிஸ்க். அதன் வெளிவளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் வெளியே வந்து நரம்பை உரசுகிறது, அதனால்தான் பிரச்சினை இடுப்பில் இருக்க, வலி பிட்டத்தில் ஆரம்பித்துத் தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இழுக்கிறது. வெளியே வந்த அந்தக் கூழைப் பலருக்கு உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலேயே வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது. இன்னொன்று, வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்தாலும் 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கிறது. அதனால் ரிப்போர்ட்டைத் தினமும் எடுத்துப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

ஆனால் சில அறிகுறிகள் வந்தால் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, போவதே தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் பலம் இழப்பது, இவற்றில் எது வந்தாலும் ராத்திரி 2 மணியாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு எமர்ஜென்ஸிக்குப் போய்விடுங்கள். சென்னையில் என்றால் சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையோ பக்கத்தில் இருக்கும் வேறு பெரிய மருத்துவமனையோ, எதுவானாலும் சரி, விடியட்டும் என்று மட்டும் இருக்காதீர்கள். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது, பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோடு முதுகுவலி, கீழே விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வந்த வலி ஆகியவையும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல.

இதெல்லாம் இல்லையென்றால், முதல் ஓரிரு நாள் படுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை, இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கட்டாந்தரையில் படு என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் சொல்வார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை, ரொம்பக் குழி விழாத மெத்தை போதும், தரையிலிருந்து எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. எழும்போது நேராக நிமிராதீர்கள். உடம்பை மொத்தமாகப் பக்கவாட்டில் உருட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, அதே நேரத்தில் கையை ஊன்றித் தள்ளி உட்காருங்கள். தும்மல் வந்தால் உடனே எழுந்து நின்று, சுவரில் கையை வைத்துக்கொண்டு தும்முங்கள். கொஞ்ச நாளைக்கு இந்தியன் டாய்லெட்டும், குனிந்து கோலம் போடுவதும் வேண்டாம். மணிக்கொரு முறை எழுந்து ஹாலிலிருந்து பால்கனி வரைக்குமாவது நடங்கள்.

எவ்வளவு நடக்கலாம், எதைச் செய்யலாம் என்பதற்கு அளவுகோல் கால்தான். பாதம் வரை இருந்த வலி தொடைக்கும், தொடையிலிருந்து பிட்டத்துக்கும் ஏறிவந்தால், இடுப்பில் வலி முன்னைவிடக் கூடத் தெரிந்தாலும் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. ஒரு வேலையோ பயிற்சியோ செய்த பிறகு வலி கீழே இறங்கிப் பாதத்துக்குப் போனால் அதை அன்றைக்கு நிறுத்துங்கள். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும் பயிற்சி நிறையப் பேருக்குக் கைகொடுக்கிறது, சிலருக்கு அதுவே வலியைக் கூட்டுகிறது. ஆகவே யூடியூபைப் பார்த்து ஆரம்பிக்காமல் ஒரு ஃபிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். காசு இடிக்கிறது என்றால் கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வெளியே நடக்க மெரினா நடைபாதை, நாகேஸ்வர ராவ் பூங்கா மாதிரி சமதளமான இடம் நல்லது. மணலில் இறங்க வேண்டாம்.

வலி மாத்திரை விஷயம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். பிபி, இதயம், கிட்னி, அல்சர் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். இல்லாதவர்களும் சாப்பிட்ட பிறகு, சில நாள் மட்டும். நரம்பு வலிக்கு என்று ப்ரீகாபலின் கொடுத்திருந்தால் தலைசுற்றலும் தூக்கமும் வரும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் இறுகிய தசையைத் தளர்த்தும், தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், அதோடு சரி. ஆனால் ‘ஜவ்வை உள்ளே தள்ளிவிடுகிறேன்’ என்று முதுகில் ஏறி மிதிப்பவரிடமும், இடுப்பை முறுக்கி நெட்டி எடுப்பவரிடமும் போகாதீர்கள். கையால் அழுத்தி அதை உள்ளே தள்ள யாராலும் முடியாது. இடுப்பு பெல்ட்டை வெளியே போகும்போது போட்டுக்கொள்ளலாம், நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்க அவசியமில்லை.

வேலைக்குத் திரும்பும்போது சென்னை ரோடுதான் வில்லன். டூவீலரை ஓரங்கட்டி வையுங்கள், ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றும் இடுப்பில்தான் இறங்கும். பஸ்ஸில் கடைசி சீட் வேண்டவே வேண்டாம், நடுவில் உட்காருங்கள், முடிந்தால் நின்றுகொண்டே போங்கள், மெட்ரோ கிடைக்கிற ரூட் என்றால் மெட்ரோதான். ஓஎம்ஆர் ஆபீஸில் உட்கார்ந்தே வேலை என்றால் போன் வரும்போதெல்லாம் எழுந்து நின்று பேசுங்கள். வீட்டில் 20 லிட்டர் தண்ணி கேனைக் குனிந்து தூக்கி, அப்படியே திரும்பி டிஸ்பென்ஸர் மேல் கவிழ்க்கிறோமே, குனிவது, தூக்குவது, முறுக்குவது என்று டிஸ்க்குக்கு ஆகாத மூன்றும் அந்த ஒரே வேலையில் இருக்கிறது. கேன் போடுகிற தம்பியையே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், இல்லை கைப்பம்ப் ஒன்று வாங்கிக் கேனின் வாயில் மாட்டிவிடுங்கள், கேன் தரையிலேயே இருக்கட்டும். வலி போன பிறகும் சில மாதம் இதை மாற்றாதீர்கள்.

நடுவில் ஒரு நாள் திடீரென்று வலி திரும்பி வரும். எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம், இரண்டு நாள் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி நடங்கள்.

ஆறு வாரம் ஒழுங்காகப் பார்த்தும் கால்வலி தூங்கவிடவில்லை, இல்லை காலில் பலம் குறைந்துகொண்டே போகிறது என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். நரம்பை அழுத்தும் ஜவ்வுத் துண்டைச் சிறு கீறல் வழியாக எடுக்கும் மைக்ரோடிஸ்கெக்டமி ஆபரேஷன் கால்வலியைச் சீக்கிரம் குறைக்கும், இடுப்புவலிக்கு அந்த அளவு உத்தரவாதம் இல்லை. ஓரிரு வருஷம் கழித்துப் பார்த்தால் செய்துகொண்டவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடுகிறது என்பதால், பலம் குறையாதவரை அவசரப்பட வேண்டியதில்லை. யாராவது முதல் நாளே தேதி குறித்துக் கொடுத்தால், எம்ஆர்ஐ ஃபிலிமை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.