சார்ஜ் ஏறாத ப்ளூடூத் ஸ்பீக்கர்: சுவரிலிருந்து செல் வரை

செட்டிநாட்டில் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறார்கள். போன வருஷம் அலமாரியில் வைத்த ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தேடி எடுத்துச் சார்ஜில் போட்டால் விளக்கே எரிவதில்லை. "பேட்டரி போச்சு" என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

அவ்வளவு அவசரம் வேண்டாம். கரன்ட் சுவரிலிருந்து உள்ளே இருக்கும் பேட்டரி செல்லுக்குப் போகும் வழியில் பிளக் பாயின்ட், அடாப்டர், கேபிள், ஸ்பீக்கரின் சார்ஜிங் பின், உள்ளே இருக்கும் சார்ஜிங் போர்டு என்று ஐந்து இடங்கள் உண்டு. செல் ஆறாவது. அதே வரிசையில் போங்கள். முதல் நான்கைப் பார்க்க ஸ்குரூடிரைவர்கூடத் தேவையில்லை.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் மரப் பலகையில் அடித்த சுவிட்ச் போர்டு இன்னும் இருக்கிறது. அதிலுள்ள பாயின்ட் தளர்ந்திருந்தால் அடாப்டரின் கால் பிடிக்காது. அழுத்தினால் விளக்கு எரியும், கையை எடுத்தால் அணையும். அதே பாயின்டில் போனைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குவதைச் சிலர் காரணமாகச் சொல்வார்கள். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும். 170-க்கு இறங்கி ஃபேன் நொண்டினாலும் அடாப்டர் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

கையடக்க ஸ்பீக்கருக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் போதும். பெரியவை 2 அல்லது 3 ஆம்பியர் கேட்கும். லேப்டாப்பின் யூஎஸ்பி 2.0 போர்ட் 0.5 ஆம்பியருக்குக் கணக்கு. அதில் போட்டுக்கொண்டே பாட்டும் வைத்தால், ஏறுவதெல்லாம் பாட்டுக்கே போய்விடும். 65 வாட் சார்ஜரைப் போட்டால் ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்பது வீண் பயம். நல்ல சார்ஜர், கேட்காத பொருளுக்கு 5 வோல்ட்டுக்கு மேல் தராது. ஆம்பியரும் ஸ்பீக்கர் இழுக்கிற அளவுதான் போகும். உண்மையில் பயப்பட வேண்டியது உருண்டைப் பின் வைத்த டிராலி ஸ்பீக்கருக்கு. அதில் 9, 12, 15 வோல்ட் என்று ஆளுக்கொரு கணக்கு. பின் பொருந்துகிறதே என்று பக்கத்து வீட்டு அடாப்டரைச் சொருகினால் போர்டு போய்விடும். வோல்ட்டும், நடுக்கால் பிளஸ்ஸா மைனஸா என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

சி-டூ-சி கேபிளில் ஏறவில்லையா?

இப்போது வரும் பாதிக் குழப்பம் இங்கேதான். போனோடு வந்த சார்ஜரில் இரண்டு முனையும் சி டைப். அதில் போன் ஏறுகிறது, ஸ்பீக்கர் ஏறவில்லை. சார்ஜர் நல்லது, கேபிள் நல்லது, ஆகவே ஸ்பீக்கர்தான் கெட்டது என்று கணக்குப் போடுகிறோம். கணக்கு தப்பு.

சி டைப் சார்ஜர் சும்மா இருக்கும்போது கேபிளில் கரன்டே விடாது. மறுமுனையில் ஒரு பொருள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அந்த அடையாளம் சிசி1, சிசி2 என்ற இரண்டு கால்களிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். சில பைசா மிச்சம் பிடிக்க மலிவு ஸ்பீக்கர்களில் இந்த இரண்டையும் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். சார்ஜருக்கு அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம். 0 வோல்ட்டில் நிற்கும். பழைய அகல வாய் அடாப்டருக்கு இந்தக் கேள்வி பதில் கிடையாது. எப்போதும் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். ஆகவே பழைய அடாப்டரில், ஒரு முனை அகலம், மறுமுனை சி டைப் உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. அந்தக் கேபிளையே ஸ்பீக்கரோடு கட்டி வைத்துவிடுங்கள். ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருக்கும் போர்டும் உண்டு. அதில் முனையைத் திருப்பிச் சொருகினால் ஏறும், இந்தப் பக்கம் வைத்தால் ஏறாது. சிசி கால்கள் போர்டில் வெளியே தெரிந்தால், சால்டரிங் தெரிந்தவர் இரண்டு ரெசிஸ்டரை வைத்து இதை நிரந்தரமாகத் தீர்த்துவிடலாம்.

கேபிளை ஊகத்தில் சோதிப்பதைவிட ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கி வைப்பது நல்லது. கட்டை விரல் அளவுதான் இருக்கும்; அடாப்டருக்கும் கேபிளுக்கும் நடுவில் சொருகினால் வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும். காலியான ஸ்பீக்கரை மாட்டியதும் 0.5-லிருந்து 1 ஆம்பியர் வரை காட்டினால் நலம். 0.05, 0.1 என்று நின்றால் செல் ரொம்ப இறங்கிப்போய் மெதுவாக ஏறுகிறது. 0.00 என்றால் கரன்ட் உள்ளேயே போகவில்லை. கேபிள், பின், போர்டு மூன்றில் ஒன்று. அடாப்டர் பக்கம் 5 வோல்ட் இருந்து, சன்னமான நீளக் கேபிளின் கடைசியில் 4.4-க்கு விழுந்தால் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும்போது பவர் பேங்கில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இழுக்கும் கரன்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் "வேலை முடிந்தது" என்று தானே அணைந்துவிடும். ஸ்பீக்கர்மேல் பழி வேண்டாம். பவர் பேங்கின் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் சில மாடல்களில் குறைந்த கரன்ட் முறைக்கு மாறும்.

செம்மண்ணும் விபூதியும்

ஸ்பீக்கரின் பின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சி டைப் என்றால் நடுவில் சன்னமாக ஒரு நாக்கு நிற்கும். அதன் அடியில் செம்மண்ணும் பஞ்சும் சேர்ந்து ஒரு பட்டையாக இறுகியிருக்கும். மஞ்சுவிரட்டுத் திடலுக்கும் திருவிழாவுக்கும் போய்வந்த ஸ்பீக்கரானால் விபூதியும் அதில் கலந்திருக்கும். ஒவ்வொரு தடவை கேபிளைச் சொருகும்போதும் நாமே அதை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்துகிறோம். கடைசியில் கேபிள் முனை முழுதாக உள்ளே போகாமல் ஒரு மயிரிழை வெளியே நிற்கும், கால்கள் தொடாது.

ஸ்பீக்கரை அணைத்து, கேபிளைக் கழற்றிவிட்டு, விளக்குமாற்றிலிருந்து காய்ந்த ஈர்க்கு ஒன்றை ஒடித்து நுனியைத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். நாக்குக்கும் உலோகச் சுவருக்கும் நடுவில் விட்டு, உள்ளிருந்து வெளியே இழுங்கள், குத்தக் கூடாது. இரண்டு மூன்று இழுப்பில் பட்டை பெயர்ந்து வரும். ஊக்கு, ஊசி எதுவும் ஆகாது. கால் வளையும், இரண்டு கால் ஒட்டிக்கொண்டால் ஷார்ட். பிறகு பழைய பல் பிரஷில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கால் மணி நேரம் காற்றாட வையுங்கள். நகப்பாலிஷ் அழிக்கும் திரவம் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். வாயால் ஊதினால் எச்சில்தான் உள்ளே போகும்.

கால்களில் பச்சைப் பாசிபோல் தெரிந்தால் ஈரத்தோடு சார்ஜ் போட்டிருக்கிறார்கள். ஐபிஎக்ஸ்7 என்று அட்டையில் போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிஷம் தாங்கும் என்று பொருள். ஈரப் பின்னில் கரன்ட் விடலாம் என்று பொருளில்லை. முற்றத்து மழையில் நனைந்தால் தலைகீழாகப் பிடித்து உதறி, ஃபேனுக்கடியில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயனில்லை. மாவுத்தூள்தான் பின்னுக்குள் அடையும்.

சொருகிய கேபிள் தொளதொளவென்று ஆடி, ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏறுகிறதென்றால் பின் போர்டிலிருந்து விட்டுவிட்டது. கடையில் மைக்ரோ யூஎஸ்பியை "வி8 பின்" என்பார்கள். பழையதன் படத்தைக் காட்டி, கால் அமைப்பு ஒத்துப்போவதைப் பார்த்து வாங்குங்கள். மாற்றும்போது முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். புதுப் பின் வைத்தபின் 5 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மல்டிமீட்டர் "பீப்" போட்டால் ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி செய்யாமல் சொருகாதீர்கள்.

இன்னொன்று, வெயில். லித்தியம் அயான் செல்லை 0-லிருந்து 45 டிகிரி செல்சியஸுக்குள்தான் சார்ஜ் செய்யலாம். செல்லின் சூட்டைப் பார்க்கும் சென்சார் வைத்த போர்டு, அதற்குமேல் தானே நிறுத்திவிடும். அக்னி நட்சத்திரத்தில் காருக்குள் கிடந்த ஸ்பீக்கரை எடுத்த கையோடு போட்டால் ஏறாமல் இருப்பது கோளாறில்லை. ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். மெத்தையில் வைக்காமல் ஆத்தங்குடிக் கல் தரையில் வையுங்கள். குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி, தப்பித் தவறிச் சூடேறினாலும் தீப்பிடிக்க எதுவும் இல்லை.

அலமாரியில் தூங்கிய செல்

அணைத்து வைத்த ஸ்பீக்கரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் குடித்துக்கொண்டே இருக்கும். நிரம்பிய செல் 4.2 வோல்ட், காலியானது 3 வோல்ட். பல மாதம் கிடந்தால் அதற்கும் கீழே போகும். சுமார் 2.5 வோல்ட்டில், செல்லோடு சேர்ந்து வரும் சின்னப் பாதுகாப்பு போர்டு செல்லைத் துண்டித்துவிடும். இப்படிப்பட்ட செல்லுக்குச் சார்ஜர் எடுத்ததும் முழுக் கரன்ட் கொடுக்காது. ஒற்றைச் செல்லைச் சார்ஜ் செய்யும் டிபி4056 என்ற ஐசியை எடுத்துக்கொண்டால், 2.9 வோல்ட் வரும்வரை பத்தில் ஒரு பங்குதான் விடும். விளக்கு எரியாமல்கூட இருக்கலாம். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பிடுங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நல்ல 1 ஆம்பியர் அடாப்டரில் ஒரு மணி நேரம், பட்டன்களைத் தொடாமல், பக்கத்தில் ஆள் இருக்கும்போது விட்டுவையுங்கள். மீட்டரில் 0.1 மெல்ல 0.5-க்கு ஏறினால் செல் பிழைத்தது.

வீட்டைப் பூட்டுவதற்கு முன் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போவதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை விளக்குப் போட வருகிறவரிடம் அரை மணி நேரம் சார்ஜ் போடச் சொல்வதும் போதும். முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைத்தாலும் செல் சீக்கிரம் கிழடாகும். பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது. அந்த ஊர்க்காரர் செல்லைப் பட்டினி போட்டுக் கொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

இதற்கும் மசியவில்லையென்றால் திறக்கலாம். வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். ஸ்குரூக்கள் ரப்பர் பாதத்தின் அடியிலோ ஸ்டிக்கருக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும். உள்ளே செல் உப்பியிருந்தால், எண்ணெய் கசிந்து இனிப்பு வாசம் வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். குத்தவோ அமுக்கவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது.

உப்பவில்லையென்றால் பேட்டரி ஒயரின் சிவப்பு, கறுப்பில் மல்டிமீட்டரை வையுங்கள். 0 காட்டினாலும் செல் செத்துவிட்டதென்று சொல்ல முடியாது. பாதுகாப்பு போர்டு துண்டித்திருக்கலாம். செல்லின் இரண்டு முனையிலேயே நேராக அளந்து பாருங்கள். 2.5-க்கு மேல் என்றால் நம்பலாம். 2-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தது என்றால், உள்ளே செம்புத் தகடு கரைந்து பிறகு ஷார்ட்டாகக்கூடும், மாற்றத்தான் வேண்டும். இன்னொரு செல்லை நேராக ஒட்டி "தட்டி எழுப்பும்" வித்தை நிறையப் பேர் செய்கிறார்கள். செல் எழுந்துகொள்ளும், எழுந்தது நல்ல செல்லா என்று யாருக்கும் தெரியாது. இந்த வேலை வேண்டாம்.

செல் 3.6 வோல்ட் இருக்கிறது, பின்னில் 5 வோல்ட் வருகிறது, ஆனாலும் ஏறவில்லையா? போர்டில் குற்றம். மூன்றாவதாகச் சன்னமான ஒயர் ஒன்று செல்லிலிருந்து வந்தால் அது சூடு பார்க்கும் சென்சார். பெரும்பாலும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். அறுந்திருந்தால் போர்டு சார்ஜ் செய்ய மறுக்கும். சென்சாரை மாற்றுங்கள், அந்த இடத்தில் வெறும் ரெசிஸ்டரை வைத்து ஏமாற்றினால் சூட்டைக் கவனிக்க ஆளில்லாமல் போகும். சார்ஜிங் ஐசியே போயிருந்தால், ஒற்றைச் செல் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்போடு வரும் டிபி4056 போர்டு போடலாம். அது 1 ஆம்பியருக்கு அமைத்து வருகிறது. 600, 800 மில்லியாம்பியர் ஹவர் சின்னச் செல்லுக்கு அது அதிகம்; அதிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3 கிலோ ஓமாக மாற்றினால் 0.4 ஆம்பியருக்கு இறங்கும். 7.4 வோல்ட் என்று எழுதியிருந்தால் இரண்டு செல் வரிசையில் இருக்கிறது. இந்த போர்டை அதில் போடவே கூடாது.

புதுச் செல் வாங்கும்போது வோல்ட், அளவு, பாதுகாப்பு போர்டு மூன்றையும் பாருங்கள். ஒயர் முனையின் பிளஸ், மைனஸை மீட்டரால் உறுதி செய்தபிறகே சொருகுங்கள். கனெக்டர் ஒன்றாக இருந்து நிறம் மாறி வருவது புதிதில்லை. மூடும்போது ரப்பர் வளையத்தை அதன் பள்ளத்தில் உட்கார வைக்காவிட்டால் அடுத்த மழைக்கே தண்ணீர் உள்ளே. பழைய செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி திரும்ப வாங்கும் கடையில் கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.