கரியமில வாயுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு டர்பனில், மெரபேங்க் பக்கம் காற்றில் கந்தக நெடி அடித்தால் "இன்னைக்குக் கார்பன் ஜாஸ்தி" என்பவர்கள் உண்டு. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூக்கில் ஏறுவது கந்தக டை ஆக்சைடு. ஆஸ்துமாக்காரர்களைப் பாடாய்ப் படுத்துவது அதுதான். அனல் மின்நிலையத்தின் பருத்த கோபுரங்களில் வெள்ளையாகப் பொங்குவதோ வெறும் நீராவி. கந்தகத்தைப் பிடிக்கும் கருவி பொருத்திவிட்டால் கரியமில வாயுவும் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. அந்தக் கருவியில் சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்தினால், கந்தகத்தைப் பிடிக்கும்போது அந்தக் கல்லிலிருந்தே கொஞ்சம் கரியமில வாயு கூடுதலாக வெளிவரும்.

அடுத்தது, எந்தக் கரி (அதாவது கார்பன்) எத்தனை வயது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதுவது. மனிதர் மூச்சில் ஒரு நாளைக்குச் சுமார் 1 கிலோ கரியமில வாயு வருகிறது. "அப்போ ஜனத்தொகைதானே காரணம்?" என்று கேட்பார்கள். இல்லை. அது நேற்றுச் சாப்பிட்ட சோற்றில் இருந்த கரி. நெற்பயிர் சில மாதங்களுக்கு முன்புதான் அதைக் காற்றிலிருந்து எடுத்தது. 1860-ல் மதராசிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள் வெட்டிய நேட்டால் கரும்புக்கும் இதே கணக்குதான். அறுவடைக்கு முன் சோகையைக் கொளுத்தினால் எழும் கரியமில வாயுவை அடுத்த பயிர் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். துணிக்கொடியில் விழும் கருஞ்சாம்பல் வேறு தொல்லை, அதை இதில் சேர்க்க வேண்டாம். ஆனால் கரும்பு லாரியின் டீசலைச் சேர்த்தே ஆக வேண்டும். அது கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த கரி.

படித்தவர்களும் சறுக்கும் இடம் இனி வருவது. "இயற்கை விடுவதில் மனிதன் விடுவது 20-ல் ஒரு பங்குதானே!" எண்ணில் பிழையில்லை, முடிவில்தான் பிழை. கடலும் காடும் மண்ணும் பெருமளவு விடுகின்றன, விட்டதைவிடச் சற்றுக் கூடுதலாகவே திரும்ப இழுத்துக்கொள்கின்றன. நாம் விடுவதற்குச் செலவுப் பக்கமே கிடையாது, எல்லாம் வரவுதான். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட், காடழிப்பு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன். காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 அலகு, உயர 780 கோடி டன் தேவை. அப்படியென்றால் ஆண்டுக்கு 5 அலகு உயர வேண்டும். அளந்தால் உயர்வது ஏறத்தாழ இரண்டரை. மீதிப் பாதியைக் கடலும் தாவரமும் எடுத்துக்கொண்டன. இயற்கையே காரணம் என்றால் உயர்வு நாம் விட்டதைவிடக் கூடுதலாக அல்லவா இருந்திருக்கும்? தொழில்புரட்சிக்கு முன் 280 இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. எரிமலைகளின் பங்கு நம்முடையதில் 100-க்கு 2 கூட வராது.

கேப் டவுன் அருகேயுள்ள கேப் பாயின்ட் முனையில் கடற்காற்றை அளக்கும் நிலையம் இருக்கிறது. தென்கோளத்து அளவு வடகோளத்தைவிடச் சில அலகு பின்தங்கியே வரும். எரிபொருளில் பெரும்பகுதி எரிவது வடக்கில், அது தெற்கே கலந்து வர நாளாகிறது.

கரி, கரியமில வாயு இரண்டையும் குழப்பினால் விடை மூன்றரை மடங்குக்கு மேல் மாறிவிடும். 12 கிலோ கரி எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு. 1 லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான், ஆனால் வெளிவருவது 2.3 கிலோ. கூடுதல் எடை காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜன். செக்குண்டா நகரின் ஆலையில் நிலக்கரியிலிருந்து எடுக்கும் பெட்ரோலுக்கு இந்த 2.3 போதாது, தயாரிப்பிலேயே பெருந்தொகை போய்விடுகிறது.

வீட்டுக் கணக்கில் எல்லோரும் விளக்கைத்தான் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது கீசர். தென்னாப்பிரிக்காவில் நம் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருவதால் 1 யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 7 யூனிட் வேண்டும். யாரும் குளிக்காவிட்டாலும் தொட்டியின் உடல் வழியே நாளைக்கு 2 யூனிட்டுக்கு மேல் வீணாகலாம். பலர் டைமர் மட்டும் மாட்டிவிட்டு, சூட்டை நிர்ணயிக்கும் தெர்மோஸ்டாட்டை 70-லேயே விட்டுவிடுகிறார்கள். அதை 60-க்கு இறக்கி, தொட்டிக்குப் போர்வையும் அதிலிருந்து வரும் சுடுநீர்க் குழாயின் முதல் 2 மீட்டருக்கு நுரைக் குழலும் போட்ட பிறகே டைமருக்குப் பணம் செலவழிக்கலாம். தெர்மோஸ்டாட் மூடியைத் திறக்கும் முன் டிபி போர்டில் (வீட்டின் மின் பகிர்வுப் பலகையில்) கீசர் சுவிட்சை அணைக்கவும். 50-க்குக் கீழே இறக்கிச் சிக்கனம் பிடிப்பது ஆபத்து, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

லோட்-ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டுக்கு வாங்கிய பேட்டரி இன்வெர்ட்டரைப் பசுமை என்று எழுதுவதும் தவறு. சோலார் பானல் இல்லாமல் சுவர் பிளக்கிலிருந்து ஏற்றினால் அதுவும் அதே நிலக்கரி, போதாததற்கு ஏற்றி இறக்கும் நஷ்டம் வேறு.

"பின்கட்டில் மாமரம் நிற்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். காய்ந்த மரத்தில் பாதி எடை கரி. ஆகவே 1 கிலோ மரம் வளர்ந்தால் சுமார் 1.8 கிலோ கரியமில வாயு அடைபடும். தினம் 7 யூனிட் கீசர் ஆண்டுக்கு இரண்டரை டன். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 1,400 கிலோ காய்ந்த எடைக்கு மரம் புதிதாக வளர வேண்டும். ஏற்கெனவே முதிர்ந்து நிற்கும் மரம் அந்த வேகத்தில் வளராது. உதிரும் இலையும் காயும் கணக்கில் நிற்காது. வெட்டிய கிளையைப் இறைச்சி சுடும் பிராய் அடுப்பில் போட்டால் அடைத்ததும் அன்று மாலையே காற்றுக்குத் திரும்பிவிடும்.