முதுகுப் பிடியிலிருந்து வெளியேறிய வழி: என் அனுபவம்

களியக்காவிளையில் ஜியு-ஜிட்சு வகை, அதாவது தரையில் பிடித்து மடக்கும் மல்யுத்தப் பயிற்சி. பாறசாலையிலிருந்து வரும் கூட்டாளி பின்னாலிருந்து முதுகில் ஒட்டிப் பிடித்தால் (இதுதான் முதுகுப் பிடி) மூன்று வாரமாகக் கழுத்து நெரிப்புதான். முதலில் கால் கொக்கிகளை, அதாவது என் தொடைகளில் கொக்கிபோல் மாட்டிய அவர் பாதங்களை, கழற்றப் பார்த்தேன். கை கீழே போனதும் கழுத்து திறந்துகொண்டது. சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தீர்ந்தது இப்படி. தோளுக்கு மேலாக வரும் கையை இரு கையாலும் பிடித்து, தாடையை இறக்கி, அவருடைய மற்ற கை அக்குளுக்கடியில் வரும் பக்கமாகச் சாய்ந்தேன். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நெரிப்பு இறுகும். பிடித்த கையைத் தலைக்கு மேலாகக் கடத்தி, இரு தோள்பட்டையும் பாயில் படும்வரை திரும்பவே இல்லை. அடிப்பக்கம் இருந்த அவர் கால் கொக்கியைத் தாண்டி என் இடுப்பு பாயில் இறங்கியதும், அவருடைய மேல்கால் முட்டியை ஒரு கையால் தடுத்தேன். பலரும் விடுவது இந்தத் தடுப்பைத்தான். அது இல்லாவிட்டால் அந்தக் கால் என் வயிற்றைக் கடந்து, அவர் மேலே ஏறிவிடுவார். அதன்பிறகே இடுப்பை நகர்த்தி அவரை நோக்கித் திரும்பினேன். அப்பாடா, விடுபட்டேன்.