போர் தண்ணில ஓடுற கீசரை வீட்லயே கழுவி சரி பண்றது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணி எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம், எவர்சில்வர் குடத்துல ரெண்டு நாள் வச்சாலே உள்ள வெள்ளையா படிஞ்சிடும். அதே உப்பு தான் கீசருக்குள்ளயும் படியுது, தண்ணி சூடாக ஆக இன்னும் வேகமா படியும், ஏன்னா இந்த சுண்ணாம்பு உப்பு சுடுதண்ணில கரைஞ்சு நிக்காது, பிரிஞ்சு வந்து தண்ணிய சூடாக்குற காயில் மேல கெட்டியா ஒட்டிக்கும். கீசர் போச்சுன்னு புதுசு வாங்குறவங்க நிறைய பேர் வீட்ல கீசர் போயிருக்காது, உப்பு தான் அடைச்சிருக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, புரட்டாசி ஐப்பசிலயே இந்த வேலைய முடிச்சிடுங்க.

முதல்ல என்ன பிரச்சனைன்னு பாருங்க. பச்சை தண்ணி குழாய்ல நல்லா வருது, சுடுதண்ணி மட்டும் நூலா வருதுன்னா அடைப்பு கீசர்லயோ அதுக்கு போற வால்வுலயோ இருக்கு. ரெண்டுமே கம்மின்னா கீசர தொடாதீங்க, குழாய் முனைல இருக்குற வலையையும் ஷவரையும் கழட்டி வினிகர்ல ராத்திரி ஊற வச்சு பழைய பிரஷ்ஷால தேய்ங்க, பாதி வீட்ல அதுலயே சரியாகிடும். கீசர் ஆன் பண்ணா உள்ள படபடன்னு சத்தம் வந்தா காயில்ல உப்பு ஏறிடுச்சுன்னு அர்த்தம். சூடாக லேட் ஆகுதுன்னா மட்டும் அவசரப்படாதீங்க, 15 லிட்டர் 2000 வாட்ஸ் கீசர் 25 டிகிரி தண்ணிய 60 டிகிரி ஆக்க கிட்டத்தட்ட 18 நிமிஷம் எடுக்கும், ஆனா கரண்ட் 230 வோல்ட் இல்லாம 180 தான் வருதுன்னா அதே கீசருக்கு அரை மணி நேரம் ஆகும், அது உப்பு குத்தம் இல்ல.

இப்ப கழட்டுற வேலை. சுவிட்ச ஆஃப் பண்ணா போதாது, கரண்ட் போர்டுல கீசருக்கு இருக்குற பிரேக்கர், அதாவது எம்சிபியையே இறக்கிடுங்க, வீட்ல வேற யாரும் போடாம சொல்லி வைங்க, தண்ணி ஆறட்டும். கீசருக்கு போற ஆங்கிள் வால்வ மூடிட்டு சுடுதண்ணி குழாய தொறந்து விடுங்க, அது தொறந்தே இருக்கணும், காத்து உள்ள போனா தான் தண்ணி கீழ இறங்கும். அப்புறம் இன்லெட்ல இருக்குற சேஃப்டி வால்வோட சின்ன லிவர தூக்குங்க, இல்லன்னா ஹோஸ கழட்டி வால்வயே திருகி எடுங்க, பக்கெட் தயாரா வச்சுக்கங்க, மொத்த 15 லிட்டரும் அது வழியா தான் வரும்.

கீழ் மூடிய எடுத்தா வயர் தெரியும். டெஸ்டர் வச்சு பாத்துட்டு, எந்த வயர் எங்க இருக்குன்னு போன்ல போட்டோ எடுத்துட்டு தான் கழட்டணும். இந்த இடத்துல கொஞ்சம் தயக்கமா இருந்தாலும் எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க, தண்ணி வேலை தப்பானா தரை தான் நனையும், கரண்ட் வேலை தப்பானா குளிக்கிறவங்க உயிர் போகும். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) இல்லாத வீட்ல முதல்ல அத போடுங்க, கீசர் கழுவுறது அப்புறம்.

நட்ட கழட்டி, காயில் மாட்டியிருக்குற தட்ட இழுத்தா காயிலும் ஆனோட் ராடும் பெரும்பாலும் ஒண்ணா வெளிய வரும், கூடவே வெள்ளை வெள்ளையா செதில் கொட்டும், டேங்க் உள்ள இருக்குறத கையால அள்ளி எடுத்து தண்ணி விட்டு அலசுங்க. மளிகைக் கடைல எலுமிச்சை உப்புன்னு கேட்டா குடுப்பாங்க, அது தான் சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு ரெண்டு மூணு ஸ்பூன் போட்டு, வயர் மாட்டுற பக்கம் நனையாம, காயில் மட்டும் முங்குற மாதிரி சில மணி நேரம் ஊற விடுங்க. பாத்ரூம் கழுவுற ஆசிட் மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க, உப்போட சேத்து இரும்பையும் தின்னுடும். ஆனோட் ராடு மெக்னீசியம், டேங்க் துருப்பிடிக்காம தன்னையே கரைச்சுக்குற சாமான், அது கரைஞ்சு கம்பி தெரியுதுன்னா புதுசு மாத்துங்க, மாத்தாம விட்டா அடுத்து டேங்க் தான் ஓட்டையாகும். தட்டுக்கு அடில தண்ணி கசியாம இருக்க வைக்கிற ரப்பர் கேஸ்கெட்டும் புதுசு போடுங்க, நட்ட எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. ஹோஸ் மாட்டுற மரைல டெஃப்லான் டேப்ப முறுக்குற திசைலயே பத்து சுத்து சுத்துங்க.

தண்ணி விட்டு, சுடுதண்ணி குழாய்ல காத்து துப்பாம ஒரே சீரா வர்ற வரைக்கும் எம்சிபி பக்கமே போகக் கூடாது, தண்ணி இல்லாம ஆன் பண்ணா காயில் உடனே எரிஞ்சிடும். தெர்மோஸ்டாட்ட 50, 55லயே வைங்க, உப்பு மெதுவா தான் ஏறும்.

சேஃப்டி வால்வுல சூடாகும்போது சொட்டுதுன்னு சில பேர் எண்ட் கேப் போட்டு அடைச்சிடறாங்க, இது ரொம்ப ஆபத்து. 15 லிட்டர் தண்ணி சூடானா 200 மில்லி கிட்ட விரியும், அது போக வழி வேணும், அடைச்சா டேங்க் வெடிக்கும். ஒரு சின்ன ஹோஸ் மாட்டி டிரெயின்ல விடுங்க. தண்ணி ஆறின பிறகும் நிக்காம சொட்டினா தான் வால்வு மாத்தணும்.

இன்னொண்ணு, கீசர் தண்ணிய அவசரத்துக்கு சமையலுக்கு புடிக்காதீங்க. நம்ம மாவட்டத்துல நிலத்தடி தண்ணில ஃபுளோரைடு இருக்கு, கொதிக்க வச்சா அது போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். அதுக்காக தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே கொண்டு வந்தாங்க, குடிக்கவும் சமைக்கவும் அந்த தண்ணி தான்.

மாடில சோலார் ஹீட்டர் வச்சிருக்கவங்களுக்கும் இதே உப்பு தான் பிரச்சனை, கண்ணாடி டியூப் அடில செதிலா தங்கும். அத விடியக்காலைல மட்டும் கழட்டி கழுவுங்க, வெயில் ஏறி டியூப் காஞ்சு சூடா இருக்கும்போது பச்சை தண்ணி விட்டா அப்படியே வெடிச்சிடும், டேங்க் மேல இருக்குற காத்து பைப்பும் அடைக்காம இருக்கான்னு அப்பவே பாத்துடுங்க.